பக்கத்து வீடு வரை ஒரு பயணம்

ஒரு வருடம் வெளிநாட்டில் போய்ப் பாடம் நடத்த என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்று தெரிந்த அன்று, "யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க, கண்ணு பட்டுடும்" என்று என் கணவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டு ஈப்போ சந்தைக்கு மீன் வாங்கப் போனேன். மீனோடு திரும்புவதற்குள் மீன்கார அண்ணன், கீரை விற்கும் அக்கா, தேங்காய் திருகித் தரும் தம்பி எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. யார் சொன்னார்கள் என்று கேட்காதீர்கள். எங்கள் வீட்டிலிருந்து அன்றைக்குச் சந்தைக்குப் போனது நான் ஒருத்திதான்.

நான் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தமிழ்ப் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன். ஒரு காலத்தில் தோட்டத்துப் பள்ளி. இப்போது ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயத்து வீடுகளில் இருந்த ஜனமெல்லாம் தாமான் என்கிற புதுக் குடியிருப்புகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டது. பள்ளி மட்டும் அதே இடத்தில் நிற்கிறது, பிள்ளைகள் வேனில் வருகிறார்கள். ஆசிரியர் பரிமாற்றத் திட்டத்தில் நியூசிலாந்தின் தெற்குக் கோடியில் ஒரு சிற்றூர் ஆசிரியை என் வகுப்புக்கு வருவார், நான் அவர் வகுப்புக்குப் போவேன். அவர் குடும்பம் எங்கள் வீட்டில் இருக்கும், நாங்கள் அவர்கள் வீட்டில் இருப்போம். குடும்பத்தோடு போகலாம் என்று போட்டிருந்ததைப் படித்ததுமே நான் விமானத்தில் பாதி ஏறிவிட்டேன்.

என் குடும்பம் பெரிதில்லை. கணவர் தைப்பிங்கில் அரசாங்க அலுவலகத்தில் வேலை செய்கிறார். வெளிநாட்டுக்கு வேலையாகப் போகும் துணையோடு போவதற்கென்றே சம்பளமில்லாத லீவு ஒன்று இருக்கிறது. "பொண்டாட்டி பின்னாடி போற லீவா மச்சான்?" என்று நண்பர்கள் கலாய்த்தபோதுகூட அவர் அசரவில்லை. "ஆமா. பதினாறு வருஷமா லீவு இல்லாம போயிட்டிருந்தேன், இப்ப லீவோட போறேன்" என்றாராம். அடுத்தது என் மகள். பதினைந்து வயது. செய்தியைச் சொன்ன அன்று மாலையே அவள் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"கங்கிராட்ஸ் மா. ஆனா நான் வரல."

ஹாக்கி. பள்ளி அணியில் தடுப்பாட்டக்காரி. பேராக் மாநில இளையோர் அணிக்கு இந்த வருடம் ஆள் எடுக்கிறார்கள். முதல் கட்டத் தேர்வில் ஜெயித்துவிட்டாள், கடைசித் தேர்வு பாக்கி. வயது வரம்பு இருப்பதால் இந்த வருடம் விட்டால் விட்டதுதான். இதையெல்லாம் அவள் எனக்கு நிதானமாக, விளக்கமாக, இரண்டு தரம் சொன்னாள். நான் அதை வயசுக் கோளாறு என்று எடுத்துக்கொண்டேன். விமான டிக்கெட் வந்தால் தானாகச் சரியாகிவிடும் என்று நினைத்தேன். தலைவலிக்கும் நான் அப்படித்தான் மருந்து போடாமல் இருப்பேன்.

அப்புறம் என்ன, ஏற்பாடுகள் தொடங்கின. பழைய துணி விற்கும் பண்டல் கடையில் யாரோ ஒரு கொரியாக்காரி போட்டுக் கழித்த பஞ்சுக் கோட்டு ஒன்று வாங்கினேன். குளிருக்குப் பழக வேண்டாமா? அதைப் போட்டுக்கொண்டே அடுப்படியில் சமைத்தேன். வியர்வை முதுகில் ஆறாக ஓடியது. கணவர் வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். "குளிர்ல போட்டுப் பழகணும்னா சரி. நீ வேகுறதுக்குல்ல பழகிட்டிருக்க" என்றார். அந்த ஆசிரியையோடு முதல் வீடியோ அழைப்பில் பேசியபோது, இருபது வருடமாக ஆங்கிலம் நடத்துகிற நான், அவர் பேசிய வேகத்தில் மிரண்டுபோய் எல்லாவற்றுக்கும் "யெஸ், யெஸ், ஷுவர்" என்றேன். அவருடைய கோழிகளை ஒரு வருடம் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டிருக்கிறேன் என்பது அடுத்த வாரம் கோழிகளின் படம் வந்தபோதுதான் தெரிந்தது. எங்கள் வீட்டுக் குளியலறைக் குழாய் கல்யாணமான புதிதிலிருந்தே ஒழுகிக்கொண்டிருந்தது. அவர்கள் வந்து தங்கப்போகிறார்களே என்று அதையும் மாற்றினோம்.

விருந்துகளைச் சொல்லாமல் விடக்கூடாது. பள்ளியில் ஒன்று, சுங்கை சிப்புட்டில் பழைய தோட்டத்துச் சொந்தங்கள் வீட்டில் ஒன்று, கமுந்திங்கில் கணவரின் நண்பர் வீட்டில் ஒன்று. போகிற இடத்திலெல்லாம் "டீச்சரம்மா, குடும்பத்தோடயா போறீங்க?" என்பார்கள். "பின்ன, குடும்பத்தோடதான்!" என்று நான் சொல்வேன். எதிரில் உட்கார்ந்து ஆட்டிறைச்சிப் பெரட்டலை ஒரு கை பார்த்துக்கொண்டிருக்கும் என் மகள் தலையைத் தூக்கி, "நான் போகல லா" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது நான்தான்.

இந்த நேரத்தில்தான் அண்ணி நாள் பார்த்தார். அண்ணி என்றால் கணவரின் அக்கா. புந்தோங்கில் தனியாக இருக்கிறார், பிள்ளைகள் சிங்கப்பூரில். எங்கள் வீட்டு நல்லது கெட்டது எதுவும் அவரைத் தாண்டி நடக்காது. விமானம் செவ்வாய்க்கிழமை இரவு. அன்றைக்கு அஷ்டமி வேறு. அண்ணி கோயில் ஐயரைக் கேட்டுவிட்டுப் போன் போட்டார்.

"செவ்வாக்கிழமையும் அதுவுமா, அஷ்டமியில, வருஷத்துக்கு ஊரை விட்டுப் போவியா? வேற நாள் பாரு."

"அண்ணி, அது டிக்கெட் லா. நம்ம இஷ்டத்துக்கு மாத்த முடியாது."

"அப்ப பரஸ்தானம் வச்சிடு."

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பயணம் போகிற நாள் சரியில்லை என்றால், அதற்கு முன்பே ஒரு நல்ல நாளில், நல்ல நேரத்தில், ஒரு பெட்டியைக் கட்டி வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். பெட்டி வாசலைத் தாண்டிய அந்த நிமிடமே நாம் புறப்பட்டுவிட்டதாகக் கணக்கு. அதற்குப் பிறகு எந்தக் கெட்ட நாளில் கிளம்பினாலும் பாதகமில்லை, போகிற வழியில் பெட்டியை எடுத்துக்கொண்டு போகலாம். ஐயர் மூன்று நிபந்தனைகள் சொன்னாராம். போகிற திசையில் இருக்கும் வீடாக இருக்க வேண்டும். பெட்டிக்குள் சும்மா எதையாவது போட்டு ஏமாற்றாமல், போகிற ஒவ்வொருவரும் தினம் உபயோகிக்கிற பொருள் ஒன்றாவது இருக்க வேண்டும். வெளியே போனது திரும்ப வீட்டுக்குள் வரக்கூடாது.

மனிதன் நிலாவில் நடந்த பாடத்தை வருடா வருடம் ஆங்கிலத்தில் நடத்துகிறவள் நான். "இதெல்லாம் நம்புறியா நீ?" என்று கணவர் கேட்டபோது, "சேச்சே, அண்ணி மனசு நோகக்கூடாதுன்னுதான்" என்றேன். சொல்லிவிட்டுப் போனில் திசைகாட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலில் நின்று தெற்கு எது என்று பார்த்தேன். தெற்கே பக்கத்து வீட்டுச் சீன ஆண்ட்டி.

ஆண்ட்டிக்கு விளக்கவே தேவைப்படவில்லை. தயங்கித் தயங்கி மலாயில் ஆரம்பித்தேன். பாதியிலேயே "போலே, போலே", தாராளமாக வைக்கலாம் என்று கையைக் காட்டி உள்ளே கூப்பிட்டார். அவர்கள் வீட்டிலும் நாள் பார்க்காமல் ஒரு அலமாரியைக்கூட நகர்த்த மாட்டார்களாம். முன் வராந்தாவில் செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார்.

புதன்கிழமை காலை நல்ல நேரம். பள்ளிக்கு அரை நாள் லீவு போட்டேன். அண்ணி வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். தினம் உபயோகிக்கிற பொருள் என்று சொல்லிவிட்டார்களா, நான் எதிலும் அரைகுறை கிடையாது. என் மூக்குக் கண்ணாடியைப் பெட்டிக்குள் போட்டேன். அது இல்லாமல் எனக்கு ஓர் எழுத்து தெரியாது. கணவரின் கட்டம் போட்ட கைலியைப் போட்டேன். அடுத்து மகளின் அறைக்குப் போய் ஹாக்கி சப்பாத்துகளை எடுத்து வந்தேன். அவள் அப்போது பள்ளியில் இருந்தாள்.

என் கணக்கு என்னவென்றால், நான் சொல்லிக் கேட்காத பிள்ளையை நவக்கிரகங்கள் கிளப்பிவிடட்டும். நல்ல நேரத்தில் அவள் சப்பாத்தும் வாசலைத் தாண்டிவிட்டால் அவளும் புறப்பட்டுவிட்டாள் என்றுதானே அர்த்தம்? வேறு சட்டை துணி ஏதாவது வைத்திருக்கலாம். ஆனால் எதைத் தூக்கினால் அவள் அசைவாள் என்று பெற்றவளுக்குத் தெரியும் அல்லவா?

அண்ணி சப்பாத்தைப் பார்த்தார். "அவளக் கேட்டியா?"

"கேக்காமலா அண்ணி" என்று வாய் கூசாமல் புளுகினேன்.

மத்தியானம் மகள் வந்தாள். கால் மணி நேரத்தில் அறைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"மா, என் சப்பாத்து எங்க?"

"புறப்பட்டிடுச்சி."

"என்னது?"

"நியூசிலாந்துக்கு. இப்போதைக்குப் பக்கத்து வீடு வரைக்கும்."

விஷயத்தைச் சொன்னேன். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்து என் பங்குக்குத் தயாராக இருந்தேன். கத்தவில்லை. "இன்னும் ஒரு மணி நேரத்துல டிரெயினிங் இருக்கு. சனிக்கிழமை தேர்வு. எடுத்துட்டு வாங்க மா" என்றாள்.

"திரும்பி வீட்டுக்குள்ள வரக்கூடாது. பழச போட்டுக்க."

பழையதைப் போட்டுப் பார்த்தாள். கால் வளர்ந்திருந்தது, உள்ளே போகவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையை நான்காம் ஆண்டுப் பிள்ளைகளிடம் நான் உபயோகிப்பது வழக்கம். பிறகு காலுறையைக் கையில் எடுத்துக்கொண்டு, மட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வெறுங்காலோடு பக்கத்து வீட்டுக்கு நடந்தாள். ஆண்ட்டியின் வராந்தாவில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்து சப்பாத்தைப் போட்டுக்கொண்டு அங்கிருந்தே தோழியின் காரில் ஏறிப் போனாள். மாலையில் அங்கேயே கழற்றி, சேற்றைத் துடைத்து, பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டு வெறுங்காலோடு வந்தாள்.

"உங்க அஷ்டமிக்கு ஒன்னும் ஆகல. சப்பாத்து வீட்டுக்குள்ள வரல."

நான் போட்ட விதியை ஓர் எழுத்துப் பிசகாமல் கடைப்பிடிக்கிற பிள்ளையை எப்படித் திட்டுவது?

திட்டுவதற்கு எனக்கு நேரமும் இல்லை, ஏனென்றால் அன்றைக்கே என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது தெரிந்தது. பிள்ளைகளின் பயிற்சிப் புத்தகங்களைத் திருத்த உட்கார்ந்தேன். கண்ணாடி பெட்டியில்! புத்தகக் கட்டைத் தூக்கிக்கொண்டு நானும் பக்கத்து வீட்டுக்குப் போனேன். மறுநாளும் போனேன். ஆண்ட்டி ஒரு மடக்கு மேசை போட்டுக் கொடுத்தார். பார்லித் தண்ணீர் கொடுத்தார். கணவர் மட்டும் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் புதுக் கைலி வாங்கிக்கொண்டு வீட்டோடு இருந்துவிட்டார். "ஒரு புறப்பாடு பத்து வெள்ளியில முடிஞ்சிடுச்சி" என்று சிரித்தார். நானும் மகளும்தான் ஒரே வராந்தாவில், ஒருவரோடு ஒருவர் பேசாமல், தினமும் நியூசிலாந்துக்குப் போய் வந்துகொண்டிருந்தோம்.

அங்கே எனக்கு வேறு வழியில்லாமல் அவளைப் பார்க்க வேண்டியிருந்தது. வீட்டில் அவள் பயிற்சிக்குக் கிளம்பும் நேரம் எனக்கு டியூஷன் இருக்கும், இல்லை போனில் இருப்பேன். இங்கே என் நாற்காலிக்கு எதிரிலேயே உட்கார்ந்து கால் விரல்களுக்கு ஒவ்வொன்றாகப் பிளாஸ்திரி சுற்றுவாள். முழங்காலுக்குக் கீழே ஊதா நிறத்தில் அடிபட்ட தடங்கள், சில ஆறியும் சில புதிதாகவும். ஆண்ட்டி மலாயில் அவளிடம், அந்தக் கம்பார் ஊர்ப் பெண் இந்தத் தடவையும் வருகிறாளா, கோச்சுக்கு முதுகுவலி சரியாகிவிட்டதா என்று சாவகாசமாக விசாரிப்பார். இவளும் சிரித்துச் சிரித்துப் பதில் சொல்வாள். கம்பார் பெண் யார் என்று எனக்குத் தெரியாது. கோச்சுக்கு முதுகு இருப்பதே எனக்குத் தெரியாது. எனக்குப் பொறாமையாக இருந்தது. வாய்விட்டு ஒரு கேள்வி கேட்கவும் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. ஒரு பையனின் சரியான விடையைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, பிறகு அதை அழித்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை கணவர் அவளை ஸ்டேடியத்துக்கு அழைத்துப் போனார். நானும் வண்டியில் ஏறிக்கொண்டேன். "அந்தப் பக்கம் மல்லி அரைக்கிற மில்லு இருக்கு, அதான்" என்றேன். மில் வேறு திசையில் இருக்கிறது. மூன்று பேருக்கும் தெரியும்.

ஹாக்கி எனக்குப் புரியாது. ஆனால் படிக்கட்டில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே ஒரு குரல் கேட்டு நிமிர்ந்தேன். "லெஃப்ட் பாரு! அவள விடாத! பின்னாடி வா, பின்னாடி!" வீட்டில் தான் குடித்த கோப்பையை எடுத்து வைக்காத என் மகள் நடுமைதானத்துக்குப் பின்னால் நின்று மற்றப் பெண்களை விரட்டிக்கொண்டிருந்தாள். மலாயிலும் ஆங்கிலத்திலும் தமிழிலும் மாறி மாறிக் கத்தினாள். அவர்கள் சொன்னபடி ஓடினார்கள்! ஒரு பெண் பந்தோடு காற்றாகப் பறந்து வந்தாள். இவள் அவசரப்படவில்லை, காத்திருந்தாள், கடைசி நொடியில் மட்டையை நீட்டிப் பந்தை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பினாள்.

"கம்பார் பொண்ணு" என்றார் கணவர்.

"உங்களுக்குமா தெரியும்?" என்றேன். அவர் மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அலாமாக், அந்தக் குரல்! அது என் குரல். வகுப்பறையில் நாற்பது பிள்ளைகளை அடக்குகிற என் சொந்தக் குரல். பெருமையா, பயமா, இரண்டுமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. கோச் பெயர்களை வாசித்தபோது அவள் பெயர் ஐந்தாவதாக வந்தது. படிக்கட்டில் எழுந்து நின்று கைதட்டிய ஒரே பைத்தியம் நான்தான்.

திரும்பி வரும்போது காரில், பாதி வழியில் நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, என் வாழ்க்கையின் மகத்தான தியாகத்தைச் செய்தேன்.

"சரி. நான் யோசிச்சிட்டேன். யாரும் எங்கயும் போக வேணாம். நாளைக்கே நான் வரலன்னு சொல்லிடுறேன். எனக்கென்ன, பிள்ளதான் முக்கியம்."

குரல் சரியான இடத்தில் உடையும்படி பார்த்துக்கொண்டேன். பின் இருக்கையிலிருந்து மகள் சொன்னாள்:

"ஐயோ, வேணாம் மா. நீங்க போங்க. நீங்க போகலன்னா எனக்குக் கல்யாணமாகி பிள்ள பொறந்த பிறகும் சொல்லிக் காட்டுவீங்க."

கணவர் சிரித்த சிரிப்பில் பச்சை விளக்கு விழுந்ததுகூடத் தெரியவில்லை. பின்னால் நின்ற லோரி ஹார்ன் அடித்த பிறகுதான் வண்டி நகர்ந்தது.

"நான் அத்தை வீட்டுல இருக்கேன். ஸ்டேடியம் அங்கேருந்து பக்கம். அத்தை கட்டில்கூட வாங்கிட்டாங்க" என்றாள்.

"கட்டிலா? எப்ப?"

"போன மாசம்" என்றார் கணவர், சாலையைப் பார்த்தபடி.

"ஓஹோ. எல்லாருமாச் சேந்து எனக்கு நாமம் போட்டிருக்கீங்க. ஒருத்தராவது எங்கிட்டச் சொன்னீங்களா?"

"மொத நாளே சொன்னேன் மா" என்றாள் மகள். இந்தத் தடவை அவள் குரல் உண்மையிலேயே உடைந்தது. "எத்தன தடவ சொல்றது? நீங்க சிரிச்சீங்க." மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஒரு வருஷம் நீங்க இல்லாம. ஆனா இருக்கேன்" என்றாள். நான் கையைப் பின்னால் நீட்டினேன். பிளாஸ்திரி ஒட்டிய விரல்கள் வந்து பிடித்துக்கொண்டன. வீடு வரும் வரை விடவில்லை.

அவள் ஞாயிற்றுக்கிழமை புந்தோங்குக்குக் குடிபோனாள். சப்பாத்து ஆண்ட்டி வீட்டு வராந்தாவிலிருந்து நேராக அண்ணி வீட்டுக்குப் போயிற்று. புறப்பட்ட பொருள் வேறு ஊருக்குப் போனால் குற்றமா என்று அண்ணியிடம் கேட்டேன். "அதெல்லாம் ஐயர் ஒன்னும் சொல்லல" என்று பேச்சை முடித்துவிட்டார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மத்தியானம், ஆண்ட்டியிடம் சொல்லிக்கொண்டு, பெட்டியையும் எடுத்துக்கொண்டு, போகிற வழியில் புந்தோங்கில் நிறுத்தினோம். மகளுக்குச் சொல்ல வேண்டிய புத்திமதிகளைக் காரிலேயே மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். நேரத்துக்குச் சாப்பிடு, அத்தை பேச்சைக் கேளு, போனை நோண்டாதே, படிப்பை விட்டுவிடாதே. அவள் அணிச் சட்டையோடு கேட்டருகே நின்றிருந்தாள். நான் இறங்கி வாயைத் திறப்பதற்குள் அவள் ஆரம்பித்துவிட்டாள்.

"போய்ச் சேந்த உடனே மெசேஜ் போடுங்க. குளிருதுன்னு சாப்பிடாம இருக்காதீங்க. புரியலன்னா புரியலன்னு சொல்லுங்க, எல்லாத்துக்கும் யெஸ் சொல்லாதீங்க. அந்த ஊரு பிள்ளைங்ககிட்டக் கத்தாதீங்க மா, அங்கல்லாம் கம்ப்ளேன் பண்ணிடுவாங்க."

எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். அவள் என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். என் தோள் ஈரமானது. அழட்டும், நான் தேற்றலாம் என்று அவள் முதுகில் கையை வைத்தேன். ஆனால் அதற்குள் விலகி, முகத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டு மணியைப் பார்த்தாள்.

"மா, டிரெயினிங்குக்கு நேரமாச்சு. லேட்டா போனா கோச் பத்து ரவுண்டு ஓட விடுவாரு. நான் வாரேன்."

அண்ணி மோட்டார் சைக்கிளை முறுக்கினார். மட்டையைக் குறுக்கே மாட்டிக்கொண்டு அவள் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். என் புத்திமதிகளெல்லாம் அப்படியே வாய்க்குள் இருந்தன. மோட்டார் தெருமுனை வரை போய்த் திரும்பி மறைந்தது. ஒரு வருடத்துக்கு ஊரை விட்டுப் போகிறவள் நான். ஆனால் கேட்டருகில் கையைத் தூக்கியபடி நின்றுகொண்டிருந்ததும் நான்தான்.